பக்கத்து வீட்டுப் பூதம்

'குழந்தைகள் படம்' என்று யாராவது சொன்னால் போதும். நம் வீடுகளில் பெரியவர்கள் அத்தனை பேரும் ஏககாலத்தில் விடுதலை பெற்றவர்களைப்போல் எழுந்து போய்விடுகிறார்கள். குழந்தைகள் திரைக்கு முன்னால், தாய்மார்கள் சமையலறையில், தகப்பனார்களோ கைபேசியில். குழந்தைகள் என்ன பார்த்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று என்பதெல்லாம் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினால் ஊரைக் கூட்டுகிற நாம், குழந்தையின் மனசுக்குள் போகிற பண்டத்தைப் பற்றி இவ்வளவு அசட்டையாக இருப்பது ஆச்சரியந்தான்.

நாம் இப்போது எழுதப் புகுந்தது ஒரு சித்திரப் படத்தைப் பற்றி. ஜப்பான் தேசத்தில் 1988-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி வெளியானது. 'பக்கத்து வீட்டு டோட்டோரோ' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எழுதி இயக்கியவர் ஸ்ரீ ஹயாவோ மியாசாகி. 1985-ல் தொடங்கிய ஜிப்லி என்னும் படக் கம்பெனி தயாரித்தது. மொத்தம் 86 நிமிஷந்தான் ஓடும். வெளியான காலத்தில் தியேட்டர்களில் பெரிய கூட்டம் சேரவில்லை என்கிறார்கள். பிறகு அந்தப் பூதத்தின் உருவத்தைப் பொம்மையாகச் செய்து விற்றபோது, ஜப்பானில் பொம்மை இல்லாத வீடே இல்லை என்கிற நிலைமை வந்தது. இன்று அந்தக் கம்பெனியின் முத்திரையே அந்தப் பூதந்தான்.

கதை வெகு சிறியது. சுமார் 1950-களில் நடப்பது. சாட்ஸுகி, மேய் என்று இரண்டு பெண் குழந்தைகள். தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, கலாசாலை உபாத்தியாயரான தகப்பனார் குழந்தைகளுடன் கிராமத்து வீடு ஒன்றுக்குக் குடி வருகிறார். வீட்டை ஒட்டி ஒரு பெரிய கற்பூர மரம். அந்த மரத்தில் வாசம் செய்கிறது டோட்டோரோ. சாம்பல் நிறம், பானை வயிறு, வாய் நிறையப் பல். குழந்தைகளின் கண்ணுக்கு மட்டுமே, அதுவும் தனக்கு இஷ்டமான போது மட்டுமே தென்படும். படத்தில் வில்லன் கிடையாது, சண்டை கிடையாது, பாடம் சொல்லும் கிழவர் கிடையாது. தாயார் பிழைத்து வீடு வருவாரா என்கிற ஒரே கவலை மட்டும், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, கதை முழுதும் கூடவே நடந்து வருகிறது.

சின்னமனூரில் நம் தெருக் குழந்தைகள் ஒன்பது பேருக்குச் சென்ற கோடை விடுமுறையில் இதைப் போட்டுக் காட்டினோம். பேச்சு ஜப்பானிய மொழி. கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். ஆகவே, பேசாத படக் காலத்தில் கொட்டகையில் கையில் கோல் வைத்துக்கொண்டு கதை சொல்வாரே ஒருவர், அந்த உத்தியோகம் நமக்கு வாய்த்தது. சம்பளம் இல்லாவிட்டாலும் கௌரவமான உத்தியோகம். ஆனால் அரை மணி நேரத்தில் நமக்கு வேலை போய்விட்டது. "தாத்தா, நீங்க சும்மா இருங்க, எங்களுக்கே தெரியுது" என்று ஆறு வயசுப் பெண் ஒருத்தி நம்மை டிஸ்மிஸ் செய்துவிட்டாள்.

அவர்களுக்கே தெரிந்ததில் வியப்பில்லை என்று பிறகு யோசித்தபோது தோன்றிற்று. அந்தப் படத்திலுள்ள ஊர் ஏறக்குறைய நம் கம்பம் பள்ளத்தாக்குத்தான். நாற்று நட்ட வயல், வாய்க்கால், வாய்க்கால் ஓரம் மண் பாதை, பாதையின் முடிவில் மலை. ஸ்ரீ கஸுவோ ஓகா என்கிற சித்திரக்காரர் அந்த வயலையும் மேகத்தையும் கையால் தீட்டியிருக்கிறார். உத்தமபாளையத்திலிருந்து கிழக்கே பார்த்தால் மேகமலை எந்த நீலத்தில் தெரியுமோ, அந்த நீலம்!

ஒரு கட்டத்தில் சாட்ஸுகி இரவில் விறகு எடுத்து வருகிறாள். திடீரென்று பெருங்காற்று ஒன்று வந்து விறகை அள்ளிக்கொண்டு போகிறது. டோட்டோரோ பறந்து போகும்போது பெரியவர்களுக்கு அது காற்றாகத்தான் தெரியும் என்பது கதை. இந்த இடத்தில் நம் குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனி பிறந்துவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் வீசுகிற காற்றை அறியாதவர் யார்? மலையாள தேசத்தில் பெய்கிற மழையின் ஈரத்தை வாரிக்கொண்டு, மலை இடுக்கு வழியாக இறங்கி, கொடியில் போட்ட வேஷ்டியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் காற்று. அதற்கு ஒரு உடம்பும் வயிறும் பல்லும் உண்டு என்று கேள்விப்பட்டதில் குழந்தைகளுக்கு வெகு திருப்தி. அதற்கப்புறம் எங்கள் தெருவில் எது காணாமல் போனாலும் டோட்டோரோவின் பேரில்தான் பழி.

மழைக் காட்சியை மட்டும் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். இரவு, மழை, பஸ் நிற்குமிடம். குழந்தைகள் தகப்பனாருக்குக் குடை கொண்டு வந்து காத்திருக்கிறார்கள். சின்னவள் தூங்கிவிட, பெரியவள் அவளை முதுகில் சுமந்து நிற்கிறாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்கும் சப்தம். பார்த்தால், தலையில் ஒரே ஒரு இலையை வைத்துக்கொண்டு டோட்டோரோ! அவள் பயப்படுகிறாள், ஆனால் அது நனைவதைப் பார்த்துத் தகப்பனாரின் குடையை நீட்டுகிறாள். குடைமேல் சொட்டுகிற நீரின் சப்தத்தில் பூதத்துக்கு ஏற்படுகிற ஆனந்தம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும்! பதிலுக்கு அது இலையில் மடித்து ஒரு சிறு பொட்டணம் கொடுத்துவிட்டுப் போகிறது. உள்ளே மரத்தின் கொட்டைகள். இவ்வளவுதான் அவர்களுடைய சிநேகம். பூதம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

குழந்தைகள் கொட்டைகளைத் தோட்டத்தில் ஊன்றித் தினந்தோறும் காவல் இருக்கிறார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. ஓர் இரவு டோட்டோரோ வந்து பாத்தியைச் சுற்றிக் கூத்தாட, முளைகள் கிளம்பி, வளர்ந்து, வானத்தை மறைக்கும் மரமாகின்றன. விடிந்து பார்த்தால் மரத்தைக் காணோம். ஆனால் பாத்தியில் முளை இருக்கிறது. மந்திரத்தில் எவ்வளவு பொய், எவ்வளவு மெய் என்பதை இதைவிட நாணயமாகக் கணக்குக் காட்டிய கதையை நாம் பார்த்ததில்லை.

இந்தக் கட்டத்தில் நமக்கு நம் சங்கப் புலவர் ஒருவர் ஞாபகம் வந்தார். நற்றிணையில் 172-ம் பாட்டு, நேயர்களில் பலர் படித்திருப்பார்கள். ஒரு பெண் சிறு வயதில் தோழிகளோடு மணலில் விளையாடும்போது புன்னை விதை ஒன்றைப் புதைத்து மறந்துவிடுகிறாள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். தாயார் அந்தப் புன்னையைக் காட்டி, 'இது உன் தங்கை. உன்னைவிட உயர்ந்தவள்' என்கிறாள். பின்னால் காதலன் வந்தபோது, தங்கை பார்த்துக்கொண்டிருக்க எப்படி அவனோடு சிரித்துப் பேசுவது என்று அவளுக்கு வெட்கம். ஜப்பானிய டைரக்டர் இதை அறிந்திருக்க நியாயமில்லை. இருந்தும், விதையை ஊன்றும் சிறுமியும், குடும்பத்தில் ஒருவராகிவிட்ட மரமும் இரண்டிடத்திலும் இருக்கின்றன. அவர்கள் அதைப் படமாக்கி உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள். நாமோ பரீட்சைக் கேள்வியாக்கிப் பத்து மார்க்குக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

நம் தேசத்தார் சித்திரப் படம் எடுக்கவே இல்லை என்று சொல்லவில்லை. சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷன் 1957-லேயே ஜாதகக் கதையிலிருந்து ஆலமரத்து மான் கதையைச் சித்திரப் படமாக எடுத்தது. 2012-ல் 'டெல்லி சபாரி' என்று ஹிந்தியில் ஒரு படம். தங்கள் காட்டை அழிக்கிறார்களே என்று சிறுத்தைக் குட்டியும் குரங்கும் கரடியும் கிளியும் பார்லிமெண்டில் முறையிடத் தில்லிக்குப் புறப்படுகின்றன. எந்தக் குறைக்கும் தில்லிக்கு மனுப் போடுவது என்கிற நம் தேசிய வழக்கம் மிருகங்களுக்கும் தொற்றியிருப்பது வேடிக்கைதான். நம்முடைய ராமாயணத்தைச் சிறந்த சித்திரப் படமாகப் பார்க்க வேண்டுமானால், ஜப்பானியரான ஸ்ரீ யூகோ ஸாக்கோ நம் நாட்டு ஸ்ரீ ராம் மோகனோடு சேர்ந்து எடுத்ததைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1990-களில் முடிந்த அந்தப் படம், 2025 ஜனவரியில்தான் நம் ஊர்க் கொட்டகைகளுக்குத் தமிழ் பேசிக்கொண்டு வந்து சேர்ந்தது. ராமர் பதினாலு வருஷத்தில் திரும்பிவிட்டார். அவருடைய படத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று.

படம் முடிந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது: "நம்ம ஊர்ல டோட்டோரோ இருக்கா, தாத்தா?"

இருக்கிறது என்றே சொன்னோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் நரை அணில் என்று ஒரு பிராணி உண்டு. சாம்பல் பூத்த ரோமம்; உடம்பளவுக்கு வால்; சாதாரண அணிலைப்போல் பல மடங்கு பருமன். உச்சாணிக் கிளையில் கூடு கட்டும். தரையில் இறங்க அதற்கு இஷ்டமில்லை. மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போகும். ஆகவே கிளையோடு கிளை கோத்து நிற்கிற காடு அதற்கு வேண்டும். நடுவே நாலு மரத்தை வெட்டினால் அதன் ராஜபாட்டை துண்டிக்கப்பட்டுவிடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதைக் காப்பதற்கென்று சரணாலயம் ஏற்பட்டதும் அதே 1988-ம் வருஷத்தில்! அந்தச் சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக்கினார்கள். வைகைக்குத் தண்ணீர் தருகிற மலை அது. குழந்தைகள் இதில் எதையும் பெரிதாக மதிக்கவில்லை. அணில் இருக்கிறது, சாம்பல் நிறமாக இருக்கிறது, கண்ணில் படாது என்கிற மூன்றும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து படத்தைப் பாதி பார்த்திருந்த அப்பத்தா ஒருவர் சொன்னதற்கு நம்மிடம் சட்டென்று பதில் இல்லை. அவருடைய மகன் வீடு கம்பத்தில் இருக்கிறது. "பூதம் குடைக்கு வந்து நின்னாச் சரிதான், சாமி. ஆனை அரிசிக்கு வந்து நின்னா என்ன பண்ணுவீக?" என்றார்.

2023-ம் வருஷத்தை அவர் மறக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருமே மறக்கவில்லை. கேரளத்தில் சின்னக்கானல் பக்கத்தில் அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்துப் பழகிய கொம்பன் யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். அதை ஏப்ரல் 29-ந் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டி, பெரியாறுக் காட்டில் விட்டார்கள். அது மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. மே 27-ந் தேதி காலையில் கம்பம் நகரத் தெருவிலேயே ஓடிற்று. ஆட்டோக்கள் நொறுங்கின, 144 தடை உத்தரவு போட்டார்கள், அன்று காயப்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். ஜூன் 5-ந் தேதி மறுபடியும் ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஒரு வாரமும் திராட்சைத் தோட்டத்துக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்களிடம் போய், இயற்கையோடு சிநேகம் கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்ய யாருக்கும் வாய் வராது.

அப்பத்தாவின் கேள்வி பல நாள் நம்மோடு இருந்தது. படத்தை இன்னொரு முறை, தனியாக, பார்த்தோம். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. டைரக்டர் அந்தப் பூதத்துக்கு 'நண்பன்' என்று பெயர் வைக்கவில்லை. 'பக்கத்து வீட்டார்' என்றே வைத்திருக்கிறார். குழந்தைகள் அதைக் கூண்டில் அடைக்கவில்லை, பழக்கவில்லை, தேடிப் போனால் பாதையே அகப்படுவதில்லை. தகப்பனார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் மரத்துக்கு வணக்கம் செலுத்தி, இவர்களைக் கவனித்துக்கொண்டதற்கு வந்தனம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். மரத்தடியில் கூடாரம் அடிக்கவில்லை. அண்டை வீட்டாரோடு நாம் எப்படி இருப்போம்? கஷ்டமென்றால் ஓடுவோம், பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்போம், ஆனால் அவர்கள் சமையலறைக்குள் சொல்லாமல் நுழைய மாட்டோம்.

இது நம் பள்ளத்தாக்குக்குப் புதிய தர்மமல்ல. கூடலூருக்கு மேலே மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலைமேல் வேங்கை மரத்து நிழலில் நின்றதும், பதினாலாம் நாள் கோவலனோடு வானம் ஏறியதைக் குறவர்கள் கண்டதும் சிலப்பதிகாரச் செய்தி. அந்த இடம் இதுதான் என்று இவ்வூரார் நம்புகிறார்கள். கோயில் பெரியாறுப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆகையால் வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், ஜனங்கள் போகலாம். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். மற்ற நாளெல்லாம் தேவி யானைகளோடு இருக்கிறாள். கோயில் விஷயமாக இரு ராஜ்யத்தாருக்கும் இருக்கிற வழக்கு வேறு. ஆனால் அந்த ஒரு நாள் ஏற்பாட்டை நாம் பெரிய விவேகமாகவே கருதுகிறோம்.

அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனியார் 1942-ல் எடுத்த 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தில் மனிதன் திரையில் தோன்றுவதே இல்லை. அவனுடைய துப்பாக்கிச் சப்தமும் அவன் மூட்டிய நெருப்புந்தான் வருகின்றன. 1944-ல் அந்நாட்டு வன இலாகாவார், காட்டுத்தீயைப் பற்றி ஜனங்களை எச்சரிக்க அந்த மான்குட்டியின் படத்தை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கினார்கள். போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் 11-ந் தேதி பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போன இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நினைத்தால், அந்தப் படமும் நமக்கு வேண்டியதுதான். ஆயினும் மனிதனே இல்லாத காடு நமக்கு எங்கே இருக்கிறது? மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-ல் ஸ்ரீ பென்னிகுக் அணையிட்டு, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியிராவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை 14,707 ஏக்கரும் ஏது? நம் பச்சை, பாதி மலை கொடுத்தது. பாதி மனிதன் வெட்டியது. மியாசாகியின் கதைக்கு ஆதாரமான சாயாமாக் குன்றுகளும் அப்படித்தான். விறகுக்கும் தழை உரத்துக்கும் கிராமத்தார் பல தலைமுறையாய்ப் புழங்கிய காடு அது.

அந்தக் குன்றுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லி, சொந்த விவகாரத்துக்கு வருகிறோம். டோக்கியோ நகரம் பெருத்து, குன்றுகள் மனைகளாகிக்கொண்டு வந்தபோது, 1990-ல் சிலர் சேர்ந்து ஒரு நிதி ஆரம்பித்தார்கள். மியாசாகி தம் பூதத்தின் பெயரையும் படத்தையும் அதற்கு உபயோகிக்க அனுமதி தந்தார். ஜனங்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டு 1991-ல் காட்டில் ஒரு துண்டை விலைக்கு வாங்கினார்கள். அதற்கு 'டோட்டோரோக் காடு, நம்பர் 1' என்று பெயர். இன்று ஐம்பதுக்கு மேல் நம்பர் ஏறியிருக்கிறது. சிறு சிறு துண்டுகள்தான். ஆனாலும் கிரயப் பத்திரம் எழுதி வாங்கிய துண்டுகள்!

நம் விவகாரம் ஒரு மருத மரம். வாய்க்கால் கரையில் நமக்கும் நம் பெரியப்பா மகனுக்கும் பொதுவில் நிற்கிறது; மூன்று பேர் கைகோத்தாலும் அடங்காது. அண்ணனுக்குப் பணமுடை. பேத்தியைக் காலேஜில் சேர்க்க வேண்டும். மர வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்லி, முன்பணமும் நீட்டிவிட்டார். படம் பார்த்த குழந்தைகளுக்கு எப்படியோ செய்தி எட்டி, ஒன்பது பேரும் போய் மரத்தின் முன் வரிசையாக நின்று, ஜப்பானிய வழக்கப்படி இடுப்பை வளைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் கோபமாக நம் வீட்டுக்கு வந்தார்.

"குழந்தைகளுக்கு என்ன பாடம்ப்பா நடத்துற நீ? மரத்தை வெட்டலேன்னா காலேஜுக்கு யார் பீஸ் கட்டுறது? அந்த டோட்டோரோவா வந்து கட்டும்?"

நியாயமான கேள்வி. மருத மரத்தின் அழகைப் பற்றியும், அதில் அடையும் கொக்குகளைப் பற்றியும், வேர் கரையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பற்றியும் அவரிடம் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம். அந்த மரத்தில் ஊஞ்சல் கட்டி நம்மைத் தள்ளிவிட்டவரே அவர்தான். "வியாபாரி சொன்ன விலையில் உங்கள் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன், அண்ணே. மொத்தமாகக் கொடுக்க என்னிடம் இல்லை, மூன்று தவணை" என்றோம். அவர் வெகுநேரம் நம்மைப் பார்த்தார். வீட்டுக்குள் திரும்பி, "இவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, தெரியுமா?" என்று நம் மனைவியிடம் கேட்டார். "முப்பது வருஷமாகத் தெரியும்" என்று பதில் வந்தது. முதல் தவணையை எண்ணி வாங்கிக்கொண்டார். வியாபாரியின் முன்பணத்தை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்திரக் காகிதம் எதுவும் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் வேண்டாம் என்றார் அவர். எழுதியே தீர வேண்டும் என்றோம் நாம். சாயாமாவில் எழுதித்தானே வாங்கினார்கள்?

குழந்தைகள் மரத்தடியில் கையளவு இடத்தில் பாத்தி கட்டி, பதினோரு விதை ஊன்றியிருக்கிறார்கள். தாயார் திருப்பூரில் வேலை பார்க்க, பாட்டியிடம் வளர்கிற சிறுவன் ஒருவன் உண்டு. படத்தில் மேய் என்னும் சிறுமி, தாயாருக்குக் கொடுப்பதற்காக ஒரு மக்காச்சோளக் கதிரை அணைத்துக்கொண்டு தனியே புறப்பட்டு வழி தவறிப் போவாள். அந்தக் கட்டத்தில் அவன் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். கதிர் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் போய்ச் சொன்ன பிறகே உள்ளே வந்தான். காவல் வேலையை இப்போது அவனே எடுத்துக்கொண்டிருக்கிறான். மூன்று விதை முளைத்திருப்பதாகச் சொல்கிறான். நாம் போய்ப் பார்த்ததில் அதில் ஒன்று குப்பைமேனி. அவனிடம் சொல்லவில்லை. இரண்டாவது தவணை ஆவணியில்.